கம்பியில ஏறினா சறுக்குது... கடுப்புல விட்டுடலாமா? - போல் டான்ஸ் கத்துக்கிறவங்களோட இன்னொரு வலி!

"தொடையில என்னடி இது... யாராவது அடிச்சாங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, என் காலைப் பார்த்துப் பதறிக் கேட்ட கேள்வி இது. தொடையின் உள்பக்கம், கத்திரிப்பூ நிறத்தில் ரெண்டு கன்னிப்போன தழும்பு. "பைக்ல இடிச்சுக்கிட்டேன்மா" என்று சமாளித்தேன்.

உண்மை வேற. மூன்று மாதமாக போல் டான்ஸ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னது, 'ஜிம்'. அந்த மூன்று மாதத்தில், தலைகீழாகத் தொங்குகிற 'இன்வர்ட்' எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு கம்பிக்காகவா அழுதேன்? யோசித்துப் பார்த்தால், இல்லை.

15 விநாடி மாயம்

2019-ல் 'ஹஸ்லர்ஸ்' படத்துக்காக ஜெனிஃபர் லோபஸ் போல் டான்ஸ் கற்றுக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில், 50 வயதில், சூப்பர் பௌல் மேடையிலும் கம்பி ஏறினார். அதே 2019-ல் பாடகி எஃப்.கே.ஏ ட்விக்ஸின் 'செலோஃபேன்' வீடியோவும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இப்போது இன்ஸ்டாவில் ஒரு போல் வீடியோவை லைக் பண்ணினால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு ஃபீட் முழுக்க அதுதான்.

பிரச்னையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரீல்ஸில் நாம் பார்ப்பது 15 விநாடி. அதற்கு முன்னால் அவர் சறுக்கி விழுந்த அறுபது டேக்குகளை யாரும் அப்லோட் செய்வதில்லை. அவர் எடிட் செய்து போட்டதை, நாம் எடிட் செய்யாத நம் உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஜெயிக்கவே முடியாத மேட்ச் அது.

ஏன் இவ்வளவு லேட் ஆகுது?

ஏனென்றால், நம் உடம்பில் எல்லாமே ஒரே வேகத்தில் கற்றுக்கொள்வதில்லை.

முதலில் தோல். இந்த நடனத்தில் பிடிமானமே வெறும் தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற உராய்வுதான். ஷார்ட்ஸ் போடுவது கவர்ச்சிக்காக அல்ல. பேன்ட் போட்டால் தொடை வழுக்கும், அவ்வளவுதான். 'போல் சிட்' என்று கம்பியைத் தொடையால் இடுக்கி உட்காரும் ஆரம்பப் பாடத்திலேயே உயிர் போகிற மாதிரி எரியும். அந்தத் தழும்புகளுக்கு இந்த வட்டாரத்தில் 'போல் கிஸ்' என்று செல்லப் பெயரே உண்டு. தோல் பழகப் பல வாரங்கள் ஆகும்.

அடுத்து தசைநார். தசைக்குச் சீக்கிரமே பலம் ஏறிவிடும். அதை எலும்போடு இணைக்கும் தசைநார் மெதுவாகத்தான் உறுதியாகும். 'கையில பலம் வந்துடுச்சே, ஏன் முடியல' என்று கடுப்பில் இழுக்கும்போதுதான் தோள்பட்டையும் முழங்கையும் அடிவாங்குகின்றன.

கடைசியாக மூளை. தலைகீழாகும்போது இடது எது, வலது எது என்றே தெரியாது. வகுப்பில் பழகிய அசைவை, மூளை தூக்கத்தில்தான் பதிய வைக்கிறது. நேற்று வராதது, ரெண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு தானாக வருவது இதனால்தான்.

இதோடு சென்னைப் புழுக்கம் வேறு. கை வியர்த்தால் எந்தத் திறமையும் செல்லாது. குரோம் கம்பியைவிடப் பித்தளைக் கம்பி வியர்த்த கைக்குக் கொஞ்சம் நன்றாகப் பிடி கொடுக்கும். 50 மில்லிமீட்டர் கம்பியைவிட 45 மில்லிமீட்டர் கம்பி சின்னக் கைக்கு வசதி. வகுப்புக்கு முன்னால் மாய்ஸ்சரைஸர் தடவினால் அன்றைக்கு கோவிந்தா! 'எனக்கு வராது' என்று நாம் முடிவுகட்டும் நாள்களில் பாதி, 'இன்னைக்கு ஈரப்பதம் அதிகம்' என்கிற நாள்தான்.

சொல்ல முடியாத தோல்வி

ஆனால், நான் பார்க்கிங்கில் அழுததற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் தம்பி, "இன்னைக்கு டக் அவுட்மா" என்று ஹாலில் உட்கார்ந்து புலம்புவான். அம்மா காபி கொடுப்பார். அத்தோடு தோல்வி பாதியாகக் குறைந்துவிடும். எனக்கு அந்த காபி கிடையாது. வீட்டுக்குத் தெரியாமல் கற்றுக்கொள்வதில் ஜெயித்தாலும் சொல்ல முடியாது, தோற்றாலும் சொல்ல முடியாது. 'இந்தக் கூத்துக்கா பொய் சொல்லிட்டு வர்றோம்' என்ற குற்ற உணர்ச்சியும் சேரும்போது, ஒரு சின்னச் சறுக்கல்கூட 'உனக்கு இதெல்லாம் எதுக்கு' என்ற தீர்ப்பாக மாறிவிடுகிறது. நிறைய பேர் விட்டுவிட்டுப் போவது, கை வலியால் அல்ல... இந்தத் தனிமையால்தான்.

இத்தனைக்கும் கம்பம் ஏறுவது நமக்குப் புதுசா என்ன? மகாராஷ்டிராவில் வேரூன்றிய மல்லர் கம்பத்தை விழுப்புரத்துப் பிள்ளைகள் பழகுகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அதுவும் ஒரு விளையாட்டு. அங்கே மரக்கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், இங்கே உலோகத்தில் எண்ணெயே ஆகாது. ஆனால், ரெண்டிலும் வேலை செய்வது வெறும் தோல்தான். மல்லர் கம்பம் ஏறும் பையனிடம் 'ஏன் அரைகுறை டிரஸ்' என்று யாரும் கேட்பதில்லை. போல் டான்ஸ் பழகும் பெண்ணிடம் கேட்கிறோம்.

போல் டான்ஸ் இன்றைய வடிவத்தை எடுத்தது மேற்கத்திய இரவு விடுதிகளில். அதை மறைக்க வேண்டியதில்லை. கம்பியில் வித்தை காட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், அங்கே வேலை பார்த்த பெண்கள். இன்றைக்கு அதற்கென்று சர்வதேசக் கூட்டமைப்பும், விதிமுறைகளோடு போட்டிகளும் இருக்கின்றன.

கடுப்பைக் கையாள...

* 'இன்வர்ட் வந்துச்சா, இல்லையா' என்று மட்டும் அளக்காதீர்கள். போன மாதம் 3 விநாடி தொங்கினேன், இப்போது 8 விநாடி. இதையும் எழுதிவையுங்கள்.

* மாதம் ஒருமுறை வீடியோ எடுங்கள். போஸ்ட் பண்ண அல்ல, உங்கள் பழைய வீடியோவோடு ஒப்பிட.

* ஒரே அசைவு ஐந்தாறு முறை வரவில்லையா? அன்றைக்கு அதை விட்டுவிட்டு, தெரிந்த ஒரு சுழற்சியோடு வகுப்பை முடியுங்கள். களைத்த உடம்போடும் கோபத்தோடும் செய்யும் 'கடைசி ஒரு தடவை'தான் ஆபத்து.

* தோல் எரிச்சல், தசை வலி சகஜம். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, கை மரத்துப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மெத்தை இல்லாமல், பிடிக்க ஆள் இல்லாமல் வீட்டில் தலைகீழாகத் தொங்கவே தொங்காதீர்கள்.

* ஒரே ஒருவரிடமாவது சொல்லுங்கள். தோழியோ, அக்காவோ, கூடப் படிப்பவரோ... புலம்ப ஓர் ஆள் வேண்டும்.

நான் அம்மாவிடம் சொன்னேன். தழும்பைப் பார்த்துப் பயந்த அந்த முகம் ரெண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. நன்றாக வந்த வீடியோ எதுவும் கையில் இல்லாததால், சறுக்கி மெத்தையில் 'தொப்'பென்று விழும் வீடியோவைத்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"எங்க ஊரு கிருஷ்ண ஜெயந்திக்கு வழுக்கு மரம் ஏறுவாங்கள்ல, அந்த மாதிரில்ல இருக்கு! சறுக்கினாதான் ஊரே கைதட்டும்..." என்றார். பிறகு, "இந்த டிரஸ்தான் எனக்குப் பிடிக்கல" என்றும் சொன்னார். அது பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் தொடர்கிறது.

இன்வர்ட்? இன்னும் வரவில்லை. ஆனால் வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது, "இன்னைக்காவது வந்துச்சா?" என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார்.