பட்டம் கையில், வகுப்பறை எட்டாத தூரத்தில்!

லோரி ஓட்டியும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தும் நம் பெற்றோர் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்புகிறார்கள். "தமிழில் பட்டம் வாங்கிவிட்டாள், இனி டீச்சர்தான்" என்று வீடே மகிழ்கிறது. சில மாதங்களில் அதே பிள்ளை பேரங்காடியில் காசாளராக நிற்கிறாள். பிடிபிடிஎன் கடன் மட்டும் மாதம் தவறாமல் கதவைத் தட்டுகிறது. ஏன் இந்த நிலை?

பட்டம் வேறு, ஆசிரியர் தகுதி வேறு. இதை நம் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆசிரியரோ கற்பிக்கும் பெர்மிட் பெற்றவரோதான் பள்ளியில் பாடம் நடத்த முடியும். பெர்மிட் தற்காலிகமானது. அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. அரசாங்கப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக, பட்டத்தோடு 'இக்திசாஸ்' எனப்படும் ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எஸ்பிஎம் முடித்ததும் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பிஐஎஸ்எம்பி பட்டப் படிப்பில் சேரலாம். அல்லது தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கல்வியியல் பட்டம் பெறலாம். வேறு துறையில் பட்டம் பெற்றவருக்கு மற்றொரு வழி, பட்டத்திற்குப் பிந்திய கல்வி டிப்ளோமா. முன்பு அது கேபிஎல்ஐ, பின்னர் பிடிபிபி.

சிக்கல் இந்த இரண்டாவது கதவில்தான் இருக்கிறது. கல்வி அமைச்சு விரும்பும்போது, விரும்பும் பாடங்களுக்கு மட்டுமே அது திறக்கிறது. 2021இல் 18,702 ஆசிரியர்களை 'ஒரே முறை' சிறப்பு நியமனமாக எடுப்பதாக அமைச்சு அறிவித்தது. 'ஒரே முறை' என்ற சொல்லைக் கவனியுங்கள்! அடுத்த ஆண்டு பட்டம் பெற்றவன் என்ன செய்வான்? தற்காலிக ஆசிரியராகப் போகிறான். பிரசவ விடுப்பில் சென்ற ஆசிரியை திரும்பியதும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான்.

நாம் கேட்பது சலுகையல்ல. பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு. பொதுத்துறை நியமனத்தில் இனப் பாகுபாடு கூடாது என்கிறது 8ஆவது பிரிவு. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 23 நவம்பர் 2023இல் தீர்ப்பளித்தது. பள்ளி சட்டப்படி நிற்கிறது என்றால், அங்கு கற்பிக்க வரும் ஆசிரியருக்கும் நிலையான பாதை வேண்டாமா?

நம் கோரிக்கைகள் மூன்று. தமிழ்ப்பள்ளிகளில் உள்ள ஆசிரியர் காலியிடங்களைப் பாட வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். டிப்ளோமா சேர்க்கையை ஆண்டுதோறும் குறித்த காலத்தில் நடத்துங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

பெற்றோர்களே, நாமும் விழித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியராக ஆசைப்படும் பிள்ளை எஸ்பிஎம் மலாய்மொழித் தாளில் கிரெடிட் பெற்றாக வேண்டும். அது இல்லாமல் அரசாங்க ஆசிரியர் வேலை இல்லை. பல்கலைக்கழகப் பாரத்தை நிரப்புமுன், "இந்தப் பட்டத்தில் இக்திசாஸ் அடங்குமா?" என்று கேளுங்கள். "டிப்ளோமா எடுத்தால் வேலை நிச்சயம்" என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். அந்தப் படிப்பைக் கல்விச் சேவை ஆணையம் ஏற்கிறதா என்று விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள். எந்த விண்ணப்பத்திற்கும் நகல் வையுங்கள். முகப்பில் சொல்லும் வாய்ப்பேச்சு பதிலாகாது, எழுத்தில் கேளுங்கள்.

ஒரு குடும்பம் தனியாகக் கடிதம் எழுதினால் அது கோப்புக்குள் தூங்கும். ஒரு வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கேள்வியை எழுதினால் அமைச்சு பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பள்ளியின் அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்!