இருக்கை ஒன்று, சீட்டு இரண்டு!

பேருந்தில் இடமில்லாவிட்டால் நின்றுகொண்டாவது ஊர் போய்ச் சேரலாம். ஆகாய விமானத்தில் அதற்கும் வழியில்லை. சென்ற கோடை விடுமுறையை டில்லியில் மாமா வீட்டில் கழித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும்போது இதை நாங்கள் நேரில் கண்டோம்.

பயணச்சீட்டு கையில் இருந்தது; நேரத்தோடும் போயிருந்தோம். ஆயினும், "விமானம் நிறைந்துவிட்டது, நாளை மதியம் செல்லுங்கள்" என்றார்கள். மறுநாள் காலையில் பாட்டிக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அம்மா அருகில் இல்லாமலே அது நடந்தது.

சீட்டு வாங்கியவர்களில் சிலர் வராமல் போவதுண்டு. இருக்கை காலியாகப் பறந்தால் நட்டம் என்று கூடுதலாக விற்கிறார்கள். சரி, எல்லோரும் வந்துவிட்டால்? விரும்பித் தங்குபவர் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். அப்படியும் ஒருவரை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் ரூ.10,000 வரை இழப்பீடு தர வேண்டும் என்கிறது நம் நாட்டில் 2016-இல் திருத்திய விதி. இவ்வாறு கேட்கும் யோசனையை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜூலியன் சைமன் 1968-லேயே கூறினார்.

எங்களுக்கு இழப்பீடு வந்தது. ஆனால் அன்று யாரையும் அவர்கள் கேட்கவில்லை. அவசரமில்லாதவர் ஒருவர்கூடவா அந்த விமானத்தில் இருந்திருக்க மாட்டார்?

பணத்தால் பாட்டியின் அந்தக் காலைப் பொழுதைத் திருப்பித் தர முடியாது. கேட்பதற்கோ காசு செலவில்லை. ஆகவே, விற்பவர்கள் முதலில் கேட்கட்டும். அவசரமில்லாத நாளில் நாமும் எழுந்து இடம் கொடுப்போம்!