நல்ல கிடா சந்தைக்கு, நோஞ்சான் கிடா மந்தைக்கா?

சனிக்கிழமை விடியற்காலையில் எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தீபாவளியோ பக்ரீதோ நெருங்கிவிட்டால் அங்கே கால் வைக்க இடமிராது. சுற்று வட்டாரக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வியாபாரி வருவார். ஆட்டின் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்ப்பார். கண்மதிப்பாக ஒரு விலை சொல்வார். தராசு என்ற பேச்சே கிடையாது.

அந்தச் சந்தையில் முதலில் விலைபோவது எது? நெஞ்சு அகன்று, கால் உறுதியாக நிற்கும் நல்ல கிடாதான். சந்தை கலைந்த பிறகு ஊருக்குத் திரும்பி மந்தையைப் பாருங்கள். பெட்டைகளோடு சுற்றிக்கொண்டிருப்பது யாரும் விலை கேட்காத நோஞ்சான் கிடா! விலை போகாதது வீட்டில் தங்கிற்று. தங்கியதே அடுத்த ஈட்டுக் குட்டிகளுக்குத் தகப்பனாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு இப்படியே நடந்தால் ஆட்டின் இனம் தேயாமல் என்ன செய்யும்?

இதைத் தொழிலாளியின் அறியாமை என்று சிலர் சொல்லுகிறார்கள். நாம் இதை ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆடு மேய்க்கும் தாய்மாருக்கு எந்தக் கிடா நல்லதென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கோடையில் காட்டு வேலை இல்லை; கடன்காரன் வாசலில் நிற்கிறான்; பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. கையில் இருப்பதில் எது உடனே காசாகுமோ அதைத்தானே விற்க முடியும்? வாரத்துக்கு ஆடு வளர்ப்பவர் நிலை இன்னும் மோசம். பிறக்கும் குட்டிகளில் பாதி உடைமைக்காரருக்குப் போய்விடுகிறது.

2019ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. நிலமில்லாதவனுக்கு அதுதான் நிலம், அதுதான் பாங்கு. ஏழைக் குடும்பங்களுக்கு 4 ஆடுகள் விலையில்லாமல் வழங்கும் திட்டத்தைத் தமிழக சர்க்கார் 2011ல் தொடங்கிற்று. அது வரவேற்க வேண்டியதே. ஆனால் 4 ஆடு கைக்கு வந்துவிட்டால் இனவிருத்தி தானாக நடந்துவிடுமா? நடக்காது. அதற்கு நல்ல கிடா வேண்டும்.

"வெளியிலிருந்து பெரிய ஜாதி ஆட்டைக் கொண்டு வந்தால் போதுமே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். யமுனைக் கரையின் ஜமுனாபாரி உயரமானதுதான். தென்னாப்பிரிக்காவின் போயர் கனமானதுதான். ஆனால் அவற்றுக்கு வேண்டிய தீனியை நம்மால் போட முடியுமா? நம் கரிசல் காட்டில் கன்னி ஆடு இருக்கிறது. கொடி ஆடு இருக்கிறது. வெயிலைத் தாங்கி, கருவேல நெற்றைத் தின்று வாழும் ஆடுகள் இவை. கன்னி ஆடு இரட்டைக் குட்டி ஈனுவதில் பெயர் பெற்றது. வீட்டிலிருக்கும் இந்தச் சொத்தை முதலில் காப்பாற்றுவோம்.

என்ன செய்யலாம்? ஒரு கிடா 20 முதல் 25 பெட்டைகளுக்குப் போதும். ஆகவே தெருவுக்கு ஒரு பொதுக் கிடா வைப்போம். நல்ல கிடாவின் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 குடும்பங்கள் சேர்ந்தால் தலைக்கு 500 ரூபாய். கிடாவை வளர்த்தவருக்குச் சந்தை விலை முழுதும் கிடைக்கும். கிடாவும் ஊரிலேயே நிற்கும். தனி ஆளால் முடியாதது கூட்டாகச் செய்தால் முடியும்.

கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது தாயைப் பாருங்கள். இரட்டை ஈன்று, இரண்டையும் பால் கொடுத்து வளர்த்த தாயா? குட்டி மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் என்ன எடை இருந்தது? இதற்கு ஒரு தராசும் நாற்பது பக்க நோட்டும் போதும். அதே தராசு சந்தைக்குப் போகும் ஆட்டையும் நிறுக்கட்டும். வியாபாரியின் கண்மதிப்புக்கு அதுவே பதில்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து ஊரோடு கிடாவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தகப்பனே மகளோடு சேரும். குட்டிகள் நலிந்து சாகும். மற்ற ஆண் குட்டிகளை நான்காம் மாதத்திற்குள் பிரித்து வையுங்கள், அல்லது காயடித்து விடுங்கள். பெட்டைக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். வயிறார மேய்ந்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈடு ஈனும். பிறந்த குட்டிக்கு ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுப்பது அவசியம்.

இதெல்லாம் நம் பங்கு. சர்க்காரின் பங்கு என்ன? ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி நோய் வருமுன் கிராமத்திற்கு வர வேண்டும். மந்தையில் பாதி செத்த பிறகு வந்து பயனில்லை. மேய்ச்சல் புறம்போக்கை வளைத்திருப்பவர்களிடமிருந்து மீட்க வேண்டும். பொதுக் கிடா வாங்கக் கூட்டுறவுக் கடன் வேண்டும். இவற்றை மனுவாக எழுதிக் கிராம சபையில் வைப்போம்.

ஆலைத் தொழிலாளித் தோழர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையிலும் இரண்டு ஆடு கட்டியிருக்கிறது. ஊருக்குப் போகும்போது இந்தப் பேச்சை எடுங்கள். வருகிற சனிக்கிழமை சந்தைக்குப் புறப்படும் கிடாக்களில் மிக நல்லது ஒன்றையாவது கயிற்றைப் பிடித்து நிறுத்துங்கள். 20 குடும்பத்தின் நாளைய மந்தை அந்தக் கயிற்றில்தான் கட்டியிருக்கிறது.