நாலு கியர் போதுமாம்ல!

பழைய கார் பத்தி நம்ம பதிவர்கள் எழுதுறதை ஒண்ணு விடாம வாசிக்கிறவன் நான். ஆனா "கான்டசாவுக்கு ஒரு டீசல் எஞ்சினை மாட்டுங்க, நாலு கியரே தாராளம், ஜாகுவார் ஈ-டைப்புக்கே நாலுதானே"ன்னு ஆளாளுக்கு எழுதுறதைப் பாத்துட்டு இதுக்கு மேல சும்மா இருக்க முடியல மக்கா. இந்த யோசனைக்குக் காசு கொடுத்தது எங்க மாமா.

மாமா தூத்துக்குடி துறைமுகத்துல கிளியரிங் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். வச்சிருந்தது கான்டசா கிளாசிக். 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின், அஞ்சு கியர். பெட்ரோல் கட்டுப்படியாகலன்னு ஒரு பட்டறையில விட்டாரு. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கழட்டிட்டு, ஒரு மினி லாரியோட டீசல் எஞ்சினையும் அதோட நாலு கியர் பாக்ஸையும் மாட்டிக் குடுத்துட்டாங்க. பின்னாடி இருந்த கிரவுன்-பினியனை யாரும் தொடல. இப்ப மதுரை ரோட்டுல 80ஐத் தாண்டினா பக்கத்துல அத்தை பேசுறது கேக்காது. (அதுக்குத்தான் மாட்டினாரோன்னு ஒரு சந்தேகம் உண்டு :-)) அதனால 60லயே உருட்டுவார். பின்னாடி கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்லுவான்.

கணக்கு எட்டாங்கிளாஸ் கணக்குதான். டயர் ஒரு சுத்துக்கு 1.9 மீட்டர் போகுதுன்னு வைங்க. 100 கிலோமீட்டர் வேகத்துல சக்கரம் நிமிஷத்துக்கு 877 தடவை சுத்தணும். கிரவுன்-பினியன் விகிதம் 4, டாப் கியர் நேரடி ஒண்ணுக்கு ஒண்ணுன்னா எஞ்சின் 3,500 சுத்து. அதுவே 0.85ல ஒரு அஞ்சாவது கியர் இருந்தா 2,980தான். தூத்துக்குடியில இருந்து மதுரை 140 கிலோமீட்டர். போய்ச் சேர்றதுக்குள்ள 44,000 சுத்து மிச்சம். பெட்ரோல் எஞ்சினுக்கு 3,500 ஒண்ணும் பெரிய விஷயமில்ல. லோடு இழுக்கச் செஞ்ச டீசல் எஞ்சின் அந்த வேகத்துல கதறும்.

"அப்ப ஈ-டைப்?" வாங்க, அதுக்குத்தான் காத்திருந்தேன். 1961ல வந்த வண்டி (நம்ம ஊர்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்த வருஷம்). நாலே கியர்தான், ஒத்துக்கிறேன். ஆனா பின் ஆக்சில் விகிதம் 3.31! டயரும் பெருசு. 100ல போகும்போது எஞ்சின் 2,700 பக்கம்தான் இருக்கும். முன்னாடி 3.8 லிட்டர், 265 குதிரைத்திறன் இருக்குறதால அவ்வளவு நீளமான கியரையும் இழுக்குது. நீங்க கியரை மட்டும் எண்ணிட்டு ஆக்சிலை விட்டுட்டீங்க. ஆஸ்டன் மார்ட்டின்காரன் முட்டாளா? 1963ல டிபி5க்கு அஞ்சு கியர் இசட்.எஃப் பாக்ஸ் எதுக்கு வச்சான்? நாள் முழுக்க ஓட்டுற வண்டியில எஞ்சின் அலுக்கக் கூடாதுன்னுதான்.

கான்டசா கதையும் அதேதான். 1984ல வந்தப்ப அம்பாசடரோட 1489 சிசி எஞ்சின், 50 குதிரைத்திறன், நாலு கியர். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது எந்த மூலைக்கு? நீளமான கியர் போட்டா இழுக்காது, குட்டையா போட்டா கத்தும். இசுசு எஞ்சினும் அஞ்சாவது கியரும் வந்த பிறகுதான் அது தூரப் பயணத்துக்கான வண்டி ஆச்சு. 'இந்தியாவோட மசில் கார்'னு பட்டம் குடுக்கிறவங்க இதைச் சொல்றதே இல்ல.

டீசல்ல மைலேஜ் கூடுதல்தான், மறுக்கல. ஆனா பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இப்ப விலை வித்தியாசம் முன்னைப்போல இல்ல. மாமா ஓட்டுறது மாசத்துக்கு ரெண்டு தடவை. பட்டறைச் செலவை எப்ப எடுக்கிறது? மாத்தியே தீரணும்னா அந்த எஞ்சினுக்கு ஏத்த ஆக்சிலையும் சேத்து மாத்தணும், இல்ல அஞ்சு கியர் பாக்ஸ் தேடணும். அப்புறம், நீளமான கியர் கிடைச்சதும் 30லயே டாப் போட்டு வண்டியைத் திணற விடக் கூடாது. அதையும் செய்வார் எங்க மாமா.

கணக்கைப் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை வாசிச்சாரு. "மருமவனே, இதை மாட்டுறதுக்கு முன்னாடில்லா சொல்லிருக்கணும்"னார். கழட்டின கியர் பாக்ஸ் பழைய இரும்புக் கடைக்குப் போயாச்சாம்.

டிஸ்கி: ஓடுற நிலையில கான்டசா அஞ்சு கியர் பாக்ஸ் யார்கிட்டயாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நாலு கியர் போதும்னு எழுதின அண்ணாச்சிங்களுக்கு முன்னுரிமை உண்டு.