கிணற்றடிக் காணியை ஈடு வைக்காதீர்கள்

ஹரோ, லண்டன்
சித்திரை 14, 2019

அன்பான கரவெட்டி ஊரவர்களுக்கு,

இந்த மடலைச் சனசமூக நிலையத்தில் பத்திரிகை கிடக்கும் மேசையில் வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கண் தெரியாத மூத்தவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

போன கிழமை ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் என்னோடு கதைத்தார். கடைசி மகனை லண்டனுக்கு அனுப்பப் போகிறாராம். நெல்லியடிப் பக்கம் ஏஜென்சி வேலை பார்க்கும் ஒருவர் சொன்னாராம்: "பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகுது. போலந்துக்காரரும் ருமேனியாக்காரரும் திரும்பிப் போகினம். இனி அந்த வேலையெல்லாம் எங்கட பெடியளுக்குத்தான்." கிணற்றடிக் காணியை ஈடு வைக்க உறுதியையும் எடுத்து வைத்துவிட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அக்காவுக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது, இந்தக் கதை எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ என்றுதான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் நிலையைச் சொன்னால்தான் விளங்கும். 1991ல் கலியாணம் முடித்து நெதர்லாந்துக்குப் போனவள் நான். அகதியாகப் பதிந்து, அந்த மொழியைப் படித்து, 1998ல் அங்கே குடியுரிமை எடுத்தோம். 2004ல் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தோம். யாரிடமும் விசா கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டின் கடவுச்சீட்டு இருந்தால் மற்ற நாட்டில் குடியிருக்கலாம், வேலை செய்யலாம். பிரான்ஸ், ஜேர்மனி, டென்மார்க்கிலிருந்தும் எங்கள் சனம் இப்படித்தான் வந்தது. கோயிலும் தமிழ்ப் பள்ளியும் சொந்தபந்தமும் இங்கே கூட. ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரித்தானியாவில் 2016 ஆனி 23ல் நடந்த வாக்கெடுப்பு அந்த உரிமையின் வேரிலேயே கை வைத்தது.

மூத்தவர்களுக்கு 1982 மார்கழி வாக்கெடுப்பு ஞாபகமிருக்கும். பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதா என்று கேட்டு, ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம் என்று வைத்தார்கள். எங்கள் பக்கம் குடத்துக்குப் போட்டது, விளக்கு வென்றது. இங்கேயும் கேள்வி ஒன்று, விடை இரண்டு. விலகுவோம் என்றவர்கள் 51.9 வீதம், இருப்போம் என்றவர்கள் 48.1. எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டில் ஒரு வரிகூட இல்லை. மூன்று வருடமாக நடக்கும் இழுபறி முழுவதும் அந்த இல்லாத வரியைப் பற்றித்தான்.

அந்த வாக்கெடுப்பில் எனக்கு வாக்கு இல்லை. பன்னிரண்டு வருடம் இங்கே இருந்தும் நான் நெதர்லாந்துக் குடி. ஆனால் பொதுநலவாய நாட்டவர் என்ற கணக்கில், இங்கே வசிக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் வாக்களிக்கலாம். எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருந்த மாணவன் ஊரிலிருந்து வந்து எட்டு மாதம்தான். வாக்காளர் அட்டை அவன் பேரில் வந்தது. "அன்ரி, எதுக்குப் போட?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

எங்கள் ஆட்களிலும் விலகவே போட்டவர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் வந்து பிரித்தானியக் குடியுரிமை எடுத்த எங்கள் உறவினர் ஒருவர், என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டே சொன்னார்: "ஐரோப்பாவில இருந்து வந்த சனம் கூடிப்போச்சு." நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடமாகியும் அந்தச் சொல் எனக்கு ஆறவில்லை.

விலகினால் தெற்காசியாவிலிருந்து சமையற்காரர்களைக் கூப்பிடலாம் என்று பிரீத்தி பட்டேல் போன்ற அரசியல்வாதிகள் அப்போது கறிக்கடைக்காரர்களுக்கு நம்பிக்கை கொடுத்தார்கள். நெல்லியடிக்காரர் இன்று விற்பதும் அதே நம்பிக்கையைத்தான். நடந்ததைப் பாருங்கள். போன மார்கழியில் அரசு குடிவரவு பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. திறமை வேலைக்கு வருபவருக்கு வருடத்துக்கு 30,000 பவுண் சம்பளம் வேண்டும் என்ற யோசனை அதைச் சுற்றியே பேசப்படுகிறது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் என் சம்பளம் அதற்குக் கிட்டவும் வராது. மற்ற வேலைகளுக்குப் பன்னிரண்டு மாத விசா மட்டும், அதுவும் ஆபத்துக் குறைந்தவை என்று அவர்கள் கருதும் நாட்டவருக்கு. படித்து முடித்தபின் இரண்டு வருடம் வேலை செய்ய மாணவருக்கு இருந்த வழியும் 2012லேயே மூடப்பட்டது. மூடியபோது உள்துறை அமைச்சராக இருந்தவர்தான் இன்றைய பிரதமர் தெரேசா மே. இந்தக் கதவுகளில் எது உங்கள் மகனுக்குத் திறந்திருக்கிறது என்று அந்த நெல்லியடிக்காரரிடம் கேளுங்கள்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று இங்கே அமைச்சர்களுக்கே தெரியாது. ஒன்றியத்தோடு மே செய்த உடன்படிக்கை தை மாதம் 432க்கு 202 என்று தோற்றது. பங்குனியில் இரண்டு தரம் திரும்பத் தோற்றது. அந்த இரண்டுக்கும் நடுவில் பாராளுமன்றம் தானே எட்டு வழிகளை முன்வைத்து வாக்கெடுத்தது. எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. பங்குனி 29ல் விலகியிருக்க வேண்டும். அது சித்திரை 12 ஆகி, போன புதன்கிழமை இரவு ஐப்பசி 31 ஆகிவிட்டது. போன வருடம் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொழும்பில் இரண்டு பிரதமர்கள் இருந்ததைப் பார்த்த உங்களுக்கு இது பெரிய புதினமாக இராது. ஆனால் அங்கே உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதோடு ஒரு முடிவு வந்தது. இங்கே முடிவுக்கு ஆளில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தொண்டையில் சிக்கியிருப்பது, பிரித்தானியாவோடு சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை. ஏறக்குறைய 500 கிலோமீற்றர். இருநூறுக்கு மேற்பட்ட வீதிகள் அதைக் கடக்கின்றன. 1998ல் பெரிய வெள்ளிச் சமாதான உடன்படிக்கை வந்து, பிறகு காவற்கோபுரங்களையும் சாவடிகளையும் கழற்றினார்கள். இன்று எங்கே ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை வீதிப் பலகையில் மைல் கிலோமீற்றராக மாறுவதைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பிரித்தானியா விலகினால் அந்தக் கோடு ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். அதைத் திறந்தே வைத்திருக்க உடன்படிக்கையில் ஒரு பிணை ஏற்பாடு எழுதினார்கள். அதற்காகவே மேயின் கட்சிக்காரர் பலர் அவரைத் தோற்கடித்தார்கள்.

இங்கே தொலைக்காட்சியில் இதைச் சுங்கவரிக் கணக்காகவே பேசுகிறார்கள். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. நான் ஓமந்தைச் சாவடியையும் முகமாலைச் சாவடியையும் கடந்தவள். 2003ல் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். போரிட்ட ஒரு தரப்பிடம் இறங்கி, பொதியை அவிழ்த்து, பதிந்து, ஏறி, கொஞ்சத் தூரத்தில் மற்றத் தரப்பிடம் திரும்ப இறங்கி. சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. "அம்மா, இது வேற நாடா?" என்று கேட்டாள். 2006 ஆவணியில் முகமாலை மூடியது. அந்த மார்கழியில் அம்மா போனார். செத்தவீட்டுக்கு என்னால் வர முடியவில்லை. சாவடி இல்லாத வீதியின் பெறுமதியை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. வெஸ்ற்மின்ஸ்ரரில் சிலருக்கு யாராவது எழுதினால் நல்லது.

எங்கள் பாடு என்னவென்று கேட்கிறீர்கள். துரத்துவார்களா என்று பல பேர் கேட்டாயிற்று. இல்லை, துரத்தவில்லை. ஐரோப்பியக் குடிகள் பதிவு செய்யும் திட்டம் ஒன்று இரண்டு கிழமைக்கு முன் முழுதாகத் திறந்திருக்கிறது. ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டினால் நிரந்தர வதிவிட உரிமை. 65 பவுண் கட்டணத்தையும் நீக்குவதாகத் தை மாதத்தில் அறிவித்தார்கள். ஆனால் கணினி பெரும்பாலும் வரிப் பதிவைப் பார்த்தே ஆளைத் தேடுகிறது. என் கணவர் விண்ணப்பித்து மூன்று நாளில் பதில் வந்தது. நான் பிள்ளைகளோடும் பிறகு மாமியின் படுக்கையோடும் வீட்டில் இருந்தவள். வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று வருடம்தான். முந்திய வருடங்களில் கணினிக்கு நான் இல்லை. பள்ளிக்கூடக் கடிதம், வைத்தியரின் கடிதம், வீட்டு வரிச் சீட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறேன். போர்க்கால இடப்பெயர்வில் அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் சுற்றி அம்மா கொண்டுபோன பிளாஸ்ரிக் பை ஞாபகம் வருகிறது. உரிமை கிடைத்தாலும் கையில் ஓர் அட்டை தரமாட்டார்கள், எல்லாம் இணையத்தில்தான். கடதாசி இல்லாததால் கரீபியன் தீவுகளிலிருந்து வந்த முதியவர்களைத் தடுத்து வைத்தும் நாடு கடத்தியும் இந்த நாடு செய்த அநியாயம் போன வருடம்தான் வெளியே வந்தது. அதனால் பயம் இருக்கிறது.

பிரித்தானியக் குடியுரிமையை எடுத்துவிடேன் என்பார்கள். எடுத்தால் நெதர்லாந்துக் குடியுரிமை போய்விடும், அந்த நாடு பொதுவாக இரண்டை வைத்திருக்க விடுவதில்லை. மூத்தவள் ரொட்டர்டாமில் வேலை செய்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு சாவடியை என் கையால் நானே போடுவதா?

பிள்ளைகள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இலங்கை ஆடைகளுக்கு 2017ல் திரும்பக் கிடைத்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை ஒன்றியம் கொடுப்பது. விலகினாலும் அதேபோன்ற சலுகையைத் தொடர்வதாகப் பிரித்தானிய அரசு சொல்லியிருக்கிறது. வதந்தியை நம்பி யாரும் வேலையை விடாதீர்கள்.

இங்கே உள்ள எங்களுக்கு நிச்சயமில்லை, உண்மை. ஆனால் எங்களிடம் கடவுச்சீட்டும் வேலையும் வீடும் இருக்கின்றன. இந்தக் குழப்பத்தை உங்கள் காணியைக் கொடுத்து வாங்காதீர்கள். அக்கா, உறுதியைப் பெட்டிக்குள் திரும்ப வையுங்கள். மகனுக்கு வெளியே வர ஆசை என்றால் அது பிழையில்லை, நானும் வந்தவள்தானே. ஐப்பசி வரை பொறுக்கட்டும், ஆங்கிலச் சோதனைக்குப் படிக்கட்டும். ஏஜென்சிக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்க முன் என்னோடு நேரே கதைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலை எனக்கு வேலையில்லை. இங்கே பத்து மணி என்றால் உங்களுக்குப் பின்னேரம் இரண்டரை. ரெலிபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை