முதலீடு அன்று, உறை

சொல்லைப் பெயர்ப்பவன் முதலிற் பொருளைக் காணல் வேண்டும். பொருளைக் காணாது அகராதியை மட்டுங் கண்டு ஆக்கப்படுஞ் சொல் கற்பவனுக்கு வழிகாட்டாது. இருந்த வழியையும் மறைத்துவிடும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, இந்நாளிலே தொழில்நுட்பம் பற்றிய தமிழ் எழுத்துக்களில் உலவும் 'முதலீட்டு வார்ப்பு' என்னுந் தொடராகும்.

விமானச் சுழலியின் தகடுகள், இடுப்பு மூட்டுக்குப் பதிலாக வைக்கப்படும் உலோக உறுப்புக்கள், புதிதாக அமைக்கப்படும் இயந்திரத்தின் மாதிரிப் பாகங்கள் ஆகியன வார்க்கப்படும் முறையொன்றை ஆங்கிலத்தார் 'இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்' என்பர். இன்வெஸ்ட்மென்ட் என்றவுடன் வங்கியும் வட்டியும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின், அச்சொல்லின் வேர் 'ஆடை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். உடுத்துதல், போர்த்துதல் என்பனவே அதன் பழம்பொருள். பணம் இடுதல் என்பது பின்னர் வந்து சேர்ந்தது. பட்டறையில் வழங்கும் சொல்லோ பழம்பொருளையே பற்றி நிற்கின்றது.

எதற்கு எதனை உடுத்துகின்றனர்? வேண்டிய பொருளின் வடிவை முதலில் மெழுகிற் செய்கின்றனர். அதனை நுண்ணிய பீங்கான் குழம்பிலே தோய்த்து, மணல் தூவி உலர்த்துகின்றனர். இவ்வாறு ஆறு முதல் பத்து முறை வரை தோய்த்துலர்த்த, மெழுகின்மேல் வலிய ஓர் உறை அமைகின்றது. நீராவியின் வெப்பத்தால் மெழுகு உருகி வெளியேற, எஞ்சிய உறையை ஏறத்தாழ 1000 பாகை சென்ரிகிறேட் வெப்பத்திற் சுட்டு, உருக்கிய உலோகத்தை அதனுள் வார்க்கின்றனர். உலோகம் இறுகியபின் உறையை உடைத்தெறிய, மெழுகின் வடிவம் உலோகமாய் நிற்கும். மெழுகிலே கீறிய நுண்கோடும் உலோகத்தில் வந்துவிடும்.

இதனைப் படிக்குந் தமிழாசிரியர் எவர்க்கும் இது கேட்டறியாத செய்தி அன்று. சுவாமிமலைத் தபதியர் செய்வதும் இதுவே. தேன்மெழுகொடு குங்கிலியங் கூட்டி உருச் சமைத்து, காவிரியின் நுண்ணிய வண்டலை முதற்பூச்சாக இட்டு, மேலும் மண்பூசிக் கம்பியாற் கட்டி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்ப்பர். வடநூலார் இதனை 'மதூச்சிட்ட விதானம்' என்றனர். மது என்பது தேன். உச்சிட்டம் என்பது எச்சில். தேனின் எச்சிலாகிய மெழுகினாற் செய்யும் முறை என்பது கருத்து. பொருளைக் கண்டு பெயரிட்டோர் அவர்.

நம் ஈழத்திற்கும் இக்கலை அயலானது அன்று. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிழக்குக் கரையிற் கிடைத்ததும், 1830இல் றொபேட் பிறவுன்றிக் என்பவராற் பிரித்தானிய நூதனசாலைக்கு அளிக்கப்பட்டதுமான தாராதேவி படிமம் எட்டாம் நூற்றாண்டினது என்பர். 143 சென்ரிமீற்றர் உயரமுள்ள அப்படிமம் மெழுகு முறையிலே உள்வெளியின்றிக் கனமாக வார்க்கப்பட்டதாகும். அத்துணைப் பெரிய உருவைக் கனமாக வார்த்தல் எளிதோ? பொலநறுவைச் சிவாலயங்களிற் கிடைத்து, கொழும்பு நூதனசாலையில் உள்ள செப்புத் திருமேனிகளும் இம்முறையின் ஆக்கமே.

இத்தொழிலைப் புதுக்காலம் கைக்கொண்ட வரலாறும் சுவையானது. 1907இல் வில்லியம் டாகர்ட் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர், பற்குழியை அடைக்கும் பொன்னை மெழுகு முறையில் வார்த்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அரத்துக்கும் உளிக்கும் எளிதில் அடங்காத வன்கலவைகளாற் சுழலித் தகடுகளைச் செய்தற்கு அம்முறையே கைகொடுத்தது.

'பெயரிலே என்ன இருக்கின்றது? பொருள் விளங்கினாற் போதாதா?' எனச் சிலர் வினவுவர். பொருள் விளங்காமையே ஈண்டுக் குறை. அதனினும் கொடியது, பொருள் தலைகீழாக விளங்குதல். 'முதலீட்டு வார்ப்பு' எனப் படிக்கும் மாணவன், பெரும்பணம் முடக்கிச் செய்யப்படும் தொழில் இதுவென எண்ணுவான். உண்மையோ வேறு. ஆயிரக்கணக்கில் ஒரே பாகம் வேண்டுமாயின், மெழுகை வார்த்தெடுக்க உலோக அச்சு ஒன்றைப் பெருஞ்செலவிற் செய்தல் தகும். ஐந்தோ பத்தோ வேண்டுமிடத்து, அச்சே இன்றி மெழுகுருவை நேரே ஆக்கிக்கொள்ளலாம். தபதி கையாற் செய்வதை இன்று கணினி செய்கின்றது. 1986இல் சார்ள்ஸ் ஹல் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற முறையாலே, பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகச் செய்து உருவமைக்கின்றனர். பிசின் சூட்டில் விரிந்து உறையை வெடிக்கச் செய்யும் ஆதலின், 1990களில் அதனைத் தேனடைபோல் உள்ளே வெறுமையாக அமைக்கக் கற்றனர். ஆக, ஒரே ஒரு மாதிரிப் பாகத்தை அச்சுச் செலவின்றிப் பெறுதற்கு ஏற்ற தொழிலுக்கே 'முதலீடு' எனப் பெயர் சூட்டியிருக்கின்றோம்!

வேறு சிலர், ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிவிடலாம் என்பர். பெயர்ச்சொல் பலவற்றை அவ்வாறு ஏற்றுள்ளோம். அதில் எமக்குப் பகையில்லை. பிறநாட்டில் முதலிற் பிறந்த கருவிக்குப் பிறநாட்டுப் பெயர் வருதல் முறையே. ஆயின், ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நம் கன்னாரும் தபதியரும் கைவந்த தொழிலாகச் செய்ததை, நாம் கேட்டறியாத புதுமைபோல அயற்பெயரால் அழைத்தல் தகுமோ? தன் பாட்டனின் தொழிலே விமானத்தைப் பறக்கச் செய்கின்றது என்பதை நம் மாணவன் அறியாது போவதன்றோ இதன் பயன்?

யாம் கருதுவது இது. கோயிற் படிமத் தொழிலுக்கு 'மெழுகு வார்ப்பு' என்பது அமையும். இன்றைய தொழிற்சாலையில் மெழுகுக்குப் பதிலாகப் பிசினும் வருகின்றமையின், என்றும் மாறாது நிற்கும் உறையைக் கொண்டு 'உறைவார்ப்பு' எனலாம். வாளுக்கு உறை, தலையணைக்கு உறை என்பன சிறுவரும் அறிந்தவை. ஆங்கிலச் சொல்லின் வேரும் இதனுள் அடங்கும். இதனினும் பொருத்தமான சொல்லை எவரேனும் தரின் மகிழ்ந்தேற்போம்.

1950களிலும் 1960களிலும் நம் நாட்டு அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றிற் குறைகண்டோர் பலர். ஆயினும் அறிஞர் கூடியிருந்து ஆராய்ந்த உழைப்பு அவற்றில் உண்டு. இன்றோ சொற்களை ஆக்குவோர் யாரென்றே தெரிவதில்லை. எந்திரம் பெயர்த்துத் தந்ததை ஒருவர் எழுத, பிறர் அதனையே வழிமொழிகின்றனர். தமிழாசிரியரும் தொழில்நுட்ப ஆசிரியரும் ஒரு நாளேனும் ஒன்றாகப் பட்டறைக்குச் செல்லட்டும். உலையருகே நின்று தொழிலைக் காணட்டும். தொழிலாளி வழங்குஞ் சொற்களை ஏட்டிற் குறிக்கட்டும். அகராதியை அதன் பின்னர்த் திறக்கலாம்.