எதைச் சோதித்தீர்கள்?

ஆலைத் தொழிலாளியின் மகன் ஒருவன். கணக்கை வாயால் கேட்டால் மளமளவென்று விடை சொல்கிறான். அதையே தாளில் அச்சடித்து நீட்டினால், எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. உடனே 'மக்கு' என்ற பட்டம்! சோதித்தது கணக்கையா, வாசிப்பையா என்று நாம் கேட்கிறோம்.

'டிஸ்லெக்சியா' என்னும் இக்கற்றல் குறைபாடு சோம்பலுமன்று, அறிவுக் குறைவுமன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை ஏற்றது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு, எல்லாம் 17-ஆவது பிரிவில் உள்ளன.

ஆனால் பொதுத் தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். வசதி படைத்தவர் பிள்ளையைக் காரிலேற்றி நிபுணரிடம் செல்கிறார். ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவன், பெயரே அறியாத குறைபாட்டுக்கு யாரிடம் சீட்டுக் கேட்பான்? பிள்ளையிடம் இதனைக் கண்டறியும் பொறுப்பைப் பள்ளியின் மீதல்லவா 16-ஆவது பிரிவு வைத்திருக்கிறது!

வகுப்புத் தேர்வுக்கோ எந்தச் சீட்டும் வேண்டாம். ஆசிரியர் வினாவை வாசித்துக் காட்டட்டும். விடையை வாயால் கேட்கட்டும். வாசிப்பைத் தனியே சோதிக்கட்டும், யார் தடுத்தார்? மதிப்பெண் பிச்சை நாம் கேட்கவில்லை.

கிளைத் தோழர்கள் தத்தம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில், அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பே, இக்கேள்வியை எழுப்ப வேண்டும்.